மூன்று புதுப்பட்டிகளைச் சுற்றி வந்த கார்டு

தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்ததும் கசக்கி எறிவதுதான் உலக வழக்கம். நான் எறிவதில்லை. தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை ஒரு வரி எழுதி, மாதக் கட்டாகக் கட்டி பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். யார் வீட்டுக் கல்யாணம் எந்தக் கிழமை நடந்தது, எந்த வருடத்து ஐப்பசியில் கண்மாய் உடைந்தது என்று உங்களில் சிலர் இன்றும் என்னிடம்தான் கேட்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் தேதி சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தேதியை மட்டும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இது.

வருடம் 1961. ஆடி அமாவாசை அந்த வருடம் வெள்ளிக்கிழமை. நினைவை நம்பி எழுதவில்லை, பழைய பஞ்சாங்கம் ஒன்றில் சரிபார்த்துவிட்டேன். எனக்குப் பதினொரு வயது. அப்போதுதான் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவில் கடிதம் வந்தால் படித்துக் காட்டுவது நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அப்பா பட்டாசுக் கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டினார். மாடுகள் இரண்டும் எங்களுடையவை. அம்மாவும் நானும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டினோம். என்னோடு ஒட்டியவர்களுக்கு அந்தப் பசையின் வாடை மறந்திருக்காது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் போட்டிருப்பார்கள். லேசான பச்சை நிறம், நாக்கில் பட்டால் கசப்பு. சோறு பிசையும்போதும் விரலிடுக்கில் அந்த வாடை இருக்கும்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஆனி மாதக் கடைசியில் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அங்கே மானாவாரிக் காடும் இரண்டு ஜோடி மாடும் உள்ள வீட்டில் அவளைக் கொடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

வந்த அன்றே அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டேன்.

"ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறிட்டு வரட்டும், ஒரு வருசம் பொறுத்துப் பாக்கோம்னு மாமியா சொல்லுறாக அண்ணே. போகலன்னா தையில அவுகளுக்கு வேற பொண்ணு பாப்பாகளாம்."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"அவுக மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாக."

அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போவோம்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பயண ஏற்பாடு தொடங்கியது. சதுரகிரி எங்களுக்கு அந்நியமான மலை இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரியும். ஆனால் ஏறியவர்கள் தெருவில் இரண்டு பேர் மூன்று பேர்தான். உள்ளே காட்டுக்குள் மகாலிங்கம் இருக்கிறார், வழியெல்லாம் சின்னச் சின்னச் சாமிகள். ஆடி அமாவாசைக்குத்தான் கூட்டமாகப் போவார்கள். மற்ற நாளில் யானைக்கும் கரடிக்கும் பயந்து எங்கள் பக்கத்தில் யாரும் ஏறுவதில்லை. அந்த நாளை விட்டால் அடுத்த ஆடிதான்.

முதல் தடை சீசன். தீபாவளி ஆர்டருக்கு ஆடியில்தான் கம்பெனி மும்முரமாக ஓடும். அப்பா மானேஜரிடம் நாலு நாள் லீவு கேட்டார். "சீசன்ல வண்டிய அவுத்துவிடச் சொல்றீரு. லோடை நான் தலையில வச்சா கொண்டுபோறது?" என்றாராம் மானேஜர். அப்பா விடாமல் நாலு நாள் தொடர்ந்து போய் நின்றார். ஐந்தாம் நாள் மானேஜர், "போயிட்டு வாரும். எனக்கும் சேத்து ஒரு தேங்கா ஒடையும்" என்று விட்டுவிட்டார். புதன்கிழமை விடியக் கிளம்புவது, சாயங்காலம் தாணிப்பாறை அடிவாரத்தில் தங்குவது, வியாழன் ஏறுவது, வெள்ளி அமாவாசைக்குச் சாமி பார்ப்பது, சனி இறங்கித் திரும்புவது என்று முடிவாயிற்று.

வழி சொல்ல வந்தவர் மருந்து ரூமில் வேலை பார்த்த மாமா. பட்டாசுக்கு மருந்து கலக்குகிறவர். நகக்கண்ணெல்லாம் வெள்ளி மினுக்கும். நாலு தடவை மலை ஏறியவர் என்பதால் அவரையும் அவர் மனைவியையும் துணைக்குச் சேர்த்திருந்தார்கள். வெட்டாத தீப்பெட்டி லேபிள் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, எரிந்த தீக்குச்சியின் கரியால் அவர் மலையை வரைந்தார்.

"இது தாணிப்பாற. இங்கன குளிச்சுட்டுத்தான் ஏறணும். இது சங்கிலிப்பாற, பொம்பளையாளுக கைய விட்டுறக் கூடாது. இங்கன ரெட்ட லிங்கம். அதுக்கு மேல போனா பலாவடிக் கருப்பு. அங்கன ஒரு சூடத்தப் பொருத்தி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும்."

"கரடி எங்கன வரும் மாமா?" என்று நான் கேட்டேன்.

"கரடி என்ன மணி அடிச்சுட்டா வரும்? வந்தா இருக்கவே இருக்கு." மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய நாலைந்து வெடிகளை எடுத்துக் காட்டினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தத் தொல்லைக்கும் மருந்து ஒன்றுதான்.

"மலையில வெடியப் போட்டா சாமி தூக்கம் கெட்டுராதா அண்ணே?" என்றாள் அத்தை.

"ஒனக்காகத்தான் தாயி எழுப்பப் போறோம். எந்திரிச்சு ஒரு வாட்டி ஒன்னப் பாக்கட்டுமே."

அத்தை சிரித்தாள். அவள் வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆடி பிறந்ததும் வீட்டில் கருவாட்டுச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டது. அப்பா ஒரு வாரம் தாங்கினார். எட்டாம் நாள் பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசம் வந்தபோது சோற்றுத் தட்டோடு எழுந்து கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்தார். "மூக்குக்கும் வெரதம் இருக்கச் சொல்லு ஒங்கண்ணன" என்று அம்மா அத்தையிடம் சொன்னாள்.

மலையில் பிள்ளை வரம் கேட்பவர்கள் மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். அத்தை தன் தொட்டிலைத் தீப்பெட்டியில் செய்தாள். அந்தக் காலத்துத் தீப்பெட்டி மரச்செதிலில் செய்தது. அதன் உள்கூட்டை எடுத்து, நாலு மூலையிலும் ஊசியால் துளையிட்டு, மஞ்சள் நூல் கோத்து, தன் கல்யாணச் சேலையின் கிழிந்த முந்தியிலிருந்து அரக்கு நிறத் துண்டு ஒன்றை வெட்டி உள்ளே மெத்தையாக விரித்தாள். நான் விரலால் அதை ஆட்டிப் பார்த்தேன்.

"மெதுவா ஆட்டு மருமவளே. ஒம் புருசன் தூங்குதான்."

அத்தைக்கு மகன் பிறந்தால் எனக்குத்தான் கட்டுவாளாம். "இன்னும் பொறக்கவே இல்ல. நான் பன்னெண்டு வயசு மூத்தவளா இருப்பேன்" என்றேன்.

"இருந்துட்டுப் போ. அவன இடுப்புல தூக்கிக்கிட்டே தாலி கட்டிக்க. அமாவாசைக்கு என்னோட நீயும் வார. ஒங் கையாலதான் இதக் கட்டணும்."

அதை அவள் சொன்ன நாளிலிருந்து நான் மலையில்தான் இருந்தேன். லேபிள் தாளில் வரைந்த வழியை மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவளுக்குச் சங்கிலிப்பாறையை நேரில் பார்த்ததுபோல் விவரித்தேன்.

அமாவாசைக்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை காலையில், அம்மா என் பயணத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "அவ எங்கயும் வரல. கைப்பிள்ளைய யாரு பாக்குறது? எனக்குப் பெட்டி கெடக்கு மலையா." தம்பி பிறந்து நாலு மாதம். பகல் முழுக்க யாராவது அவனை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை குனிந்து சூடத்தைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அண்ணன் வீட்டில் ஒரு மாதமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அண்ணியை எதிர்த்து என்ன பேச முடியும் என்பதெல்லாம் இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். சொன்ன சொல்லை விட்டுவிட்டாள்.

அன்று பகலில் தபால்காரர் வந்தார். வழக்கமாக வாசலில் வந்து கூப்பிடுகிறவர், அன்றைக்குத் தெருமுனை வேம்படியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு என்னைக் கைகாட்டி அழைத்தார். கையில் ஒரு கார்டு. கார்டில் வருவதைத் தபால்காரர்கள் படித்துவிடுவார்கள் என்பது ஊரறிந்தது.

"தாயி, ஒங்க வீட்டுல மலைக்குப் போறாகள்ல?"

"ஆமா."

"அப்ப ஒண்ணு செய்யி. இது எம் பையிலயே கெடக்கட்டும். அடுத்த சனிக்கெழம கொண்டாந்து தாரேன்."

சாவுச் செய்தி என்று புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். பங்காளி இறந்தால் பதினாறு நாள் தீட்டு, அந்த வீட்டில் இருப்பவர்கள், கட்டிக்கொடுத்து வந்து தங்கியவளானாலும், கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. ஆனால் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. கேட்காதவரை ஒன்றும் இல்லை. தபால்காரர் அந்த இடுக்கு வழியாகத்தான் அத்தையை மலைக்கு அனுப்பப் பார்த்தார். அவருக்கும் பிள்ளை இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

"எங்க கார்டு எங்ககிட்டதான் வரணும். குடுங்க" என்றேன்.

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். "படிச்ச பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது தாயி" என்று சொல்லிக் கார்டைத் தந்துவிட்டுப் போனார்.

அப்பாவைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். நான் நடுத்தெருவில் வீட்டு வாசலுக்கு நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோலக் குரலெடுத்து வாசித்தேன். ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த, அப்பாவுக்குப் பெரியப்பா மகன் முறையானவர், செவ்வாய்க்கிழமை இரவு காய்ச்சலில் காலமாகிவிட்டார். அவ்வளவுதான் செய்தி. கார்டில் தேதி போடவில்லை.

அத்தை உள்ளே மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றது.

அப்பா வெளியே வந்து கார்டை வாங்கி, குறுக்கே கிழித்துச் சாக்கடை ஓரம் போட்டார். சாவுக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பிறகு விரலை மடக்கி எண்ணினார். கழிந்த செவ்வாயிலிருந்து பதினாறு என்றால் அமாவாசை கழிந்து ஐந்து நாள் ஆகிவிடும்.

"எங்கயோ தோட்டத்துல இருந்த ஆளு, போக்குவரத்தே கெடையாது. அவருக்குப் போயா?" என்றார் மருந்து ரூம் மாமா.

"பங்காளி பங்காளிதானே. தீட்டோட ஏறி வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?" என்றாள் அம்மா.

அத்தை உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.  கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

இதுவரை நான் செய்தது சிறுபிள்ளைக் கோபம் என்று நீங்கள் மன்னிக்கலாம். அடுத்து நடந்ததற்கு அந்தப் பெயர் வைக்க முடியாது.

நான் அப்போது தபால் முத்திரைகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். தபால்தலை அல்ல, அதன்மேல் குத்தும் வட்ட முத்திரை. ஊர்ப் பெயருக்காகவும் தேதிக்காகவும் அவற்றை வெட்டி ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு வைப்பேன். கிழிந்த கார்டில் விலாசம் இருந்த பாதியில் நாலைந்து முத்திரைகள் இருந்ததைப் பார்த்திருந்தேன். எல்லாரும் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே அதை எடுத்துப் பார்த்தேன். விலாசத்தில் "புதுப்பட்டி, இராமநாதபுரம் ஜில்லா" என்று மட்டும் இருந்தது. எங்கள் ஜில்லாவில் எத்தனை புதுப்பட்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "எம்." என்ற ஒற்றை எழுத்து இல்லாததால் கார்டு வேறு இரண்டு புதுப்பட்டிகளுக்குப் போய், ஒவ்வொரு இடத்திலும் குத்து வாங்கிக்கொண்டு, மூன்றாவதாக எங்களிடம் வந்திருந்தது. எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏலத்தோட்டத்துத் தபாலாபீசில் குத்திய முதல் முத்திரை தெளிவாக இருந்தது. ஜூலை பன்னிரண்டு.

காலண்டரில் எண்ணினேன். எண்ணுவது எனக்கு அப்போதே பிடித்த வேலை. ஜூலை பன்னிரண்டு புதன்கிழமை. அப்படியானால் அவர் இறந்த செவ்வாய்க்கிழமை அப்பா எண்ணிய செவ்வாய் இல்லை. அதற்கு மூன்று வாரம் முந்தியது, ஆனி மாதத்துச் செவ்வாய். பதினாறு நாள் எப்போதோ முடிந்திருந்தது. முடிந்தபின் செய்தி கேட்டால் தலைமுழுகினால் போதும். அதுவும் நேற்றே எல்லாரும் முழுகியாயிற்று.

புதன்கிழமை விடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. வண்டி இருந்தது. மாடு இருந்தது. மானேஜர் கொடுத்த லீவு இருந்தது. அத்தை இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து எங்களுக்காகத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை. சாவுக் கார்டைக் கைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவந்ததற்கு அம்மா தோலை உரித்துவிடுவாள் என்ற பயம் உண்மைதான். ரொம்ப வருடம் அதையே காரணமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு மனதில் ஓடியது இது: சொன்னால் அவர்கள் எல்லாரும் போவார்கள், நான் மட்டும் இங்கே தொட்டில் ஆட்ட வேண்டும். துண்டை மடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

புதன்கிழமை அப்பா வண்டி பூட்டிக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். வத்திராயிருப்புப் பாதையில் காலையிலிருந்தே மலைக்குப் போகும் வண்டிகள். சலங்கைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இடித்து வைத்த மாவு வீணாகக் கூடாது என்று அம்மா வெல்லம் போட்டுக் கொழுக்கட்டை பிடித்தாள். நானும் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அத்தை கொல்லையில் மேற்கே பார்த்து நின்றாள். அன்றைக்கு மலை தெரியவில்லை. மேகம் மூடியிருந்தது.

"தெரியுதா அத்த?"

"தெரியல மருமவளே. மளை பெய்யிது போல அங்கன."

புரட்டாசியில் ஏலத்தோட்டத்தில் இறந்தவரின் மகன் எங்களைத் தேடி வந்தான். காரியத்துக்குக் கூட வரவில்லையே என்று வருத்தப்பட்டான். பேச்சில் தேதி வெளியே வந்தது. அப்பா திகைத்துப்போய் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இதோ யாராவது கேட்பார்கள், கார்டில் முத்திரை இருந்திருக்குமே, படித்த பிள்ளை பார்க்கவில்லையா என்று. யாரும் கேட்கவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள்.

"ஊரெல்லாம் சுத்திக்கிட்டுக் கெடந்த கார்டு அன்னைக்குப் பாத்து வருதுன்னா என்ன அர்த்தம்? சாமி கூப்பிடல. அம்புட்டுத்தான்."

அப்பாவுக்கும் அது ஆறுதலாக இருந்தது. அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டோடு நிற்கவில்லை, மல்லாங்கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. மகாலிங்கமே வாசலை அடைத்துவிட்டார், இனி எதற்கு ஒரு வருடம் பொறுப்பது என்று அங்கே முடிவு செய்தார்கள். ஐப்பசியில் அத்தை தகரப் பெட்டியோடு திரும்பிப் போனாள். தையில் இளையவள் வந்தாள்.

மலை ஏறியிருந்தால் பிள்ளை பிறந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இளையவளுக்கும் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை. குறை யாரிடம் இருந்தது என்று நம் காலத்தில் யாரும் அத்தையின் கணவரைப் பார்த்துக் கேட்டதில்லை. நான் சொல்வது ஒரு வருடத்தைப் பற்றி மட்டும். ஏறிவிட்டு வந்திருந்தால் அத்தைக்கு அவர்கள் தருவதாகச் சொன்ன ஒரு வருடம். அது என் தீப்பெட்டிக்குள் கிடந்தது.

அத்தை இறந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. காரியம் முடிந்த மறுநாள் இளையவள் என்னை உள்ளே கூப்பிட்டு அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சேலைகளுக்கு அடியில், நான் மறந்தே போயிருந்த தீப்பெட்டித் தொட்டில். மஞ்சள் நூல் வெளுத்திருந்தது. அரக்குத் துணியின் நிறம் மாறவில்லை.

"ஒவ்வொரு ஆடிக்கும் எடுத்துத் தொடச்சு வப்பாக" என்றாள் இளையவள். "ஒரு வாட்டி போயிட்டு வாங்கக்கா, நானும் கூட வாரேன்னு எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா. வர மாட்டேன்னுட்டாக. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேப்பாக. சாமி என்னைக் கூப்பிடலன்னு கடைசி வரைக்கும் அதேதான் பேச்சு."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சாமி கூப்பிடாமல் இல்லை, கார்டின் தேதியைப் படித்த நான்தான் மறைத்துவிட்டேன் என்று. "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொட்டிலை வாங்கிக்கொண்டேன்.

அதை நான் மலைக்கும் கொண்டுபோகவில்லை. வேலை, பிள்ளைகள், பிறகு முழங்கால் என்று ஆடிகள் போயின. வீடு மாற்றியபோது தொட்டில் எங்கோ தொலைந்தது. எந்த நாளில் தொலைந்தது என்றுகூட என்னிடம் குறிப்பு இல்லை. இளையவளும் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதைக் கேட்டு என்னிடம் கோபித்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள் யாரும் இனி இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முத்திரைத் துண்டு மட்டும் இருக்கிறது. இப்போதும் கண்ணாடி போடாமலே தேதியைப் படிக்க முடிகிறது.